பேரவையில் ஒரு மாலை

மாணவர்களே, உங்கள் பள்ளியில் மதிய உணவு நன்றாக இருக்கிறதா? "பீட்சா ரப்பர் மாதிரி இருக்கு", "காய்கறி வேகவே இல்லை" என்று நீங்களும் ஒரு நாள் வீட்டில் வந்து சொல்லியிருப்பீர்கள். "சரி, நாளைக்கு இட்லி கட்டித் தரேன்" என்று அம்மா சொல்லியிருப்பார். பிரச்சினை அதோடு முடிந்திருக்கும்.

ஆனால் வீட்டை விட்டுத் தொலைவில், கல்லூரி விடுதியில் தங்கிப் படிப்பவர்களுக்கு யார் இட்லி கட்டித் தருவார்கள்? கல்லூரி கொடுப்பதைத்தான் சாப்பிட வேண்டும். அது சரியில்லை என்றால் என்ன செய்வது?

1766ஆம் ஆண்டு ஹார்வர்டு கல்லூரியில் இந்தக் கேள்வி எழுந்தது. அமெரிக்கா என்ற நாடே அப்போது உருவாகவில்லை. அங்கே மாணவர்களுக்குக் கெட்டுப்போன வெண்ணெயைப் பரிமாறினார்கள். ஏசா டன்பார் என்ற மாணவர் எழுந்து, "இந்த வெண்ணெய் நாறுகிறது, வேறு கொடுங்கள்" என்ற பொருளில் பேசினார். பெரியவர்களை எதிர்த்துப் பேசியதாக அவர்மேல் குற்றம் சாட்டப்பட்டது. மற்ற மாணவர்கள் அவருக்கு ஆதரவாக உணவுக் கூடத்தை விட்டு வெளியேறினார்கள். ஏறக்குறையப் பாதி மாணவர்களைக் கல்லூரி இடைநீக்கம் செய்தது. இதை 'வெண்ணெய்க் கலகம்' என்று இன்றும் சொல்கிறார்கள்.

(இந்த டன்பாரின் மகள் வயிற்றுப் பேரன்தான் ஹென்றி டேவிட் தோரோ என்ற எழுத்தாளர். அநியாயமான சட்டத்துக்குப் பணிய வேண்டியதில்லை என்று அவர் எழுதிய கட்டுரையைக் காந்தியடிகள் விரும்பிப் படித்தார். வெண்ணெய் எங்கே, காந்தி எங்கே, பாருங்கள்!)

டன்பாருக்கு இல்லாத ஒரு வசதி இன்றைய மாணவர்களுக்கு இருக்கிறது. அதுதான் மாணவர் பேரவை. கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் 1887ஆம் ஆண்டிலேயே இப்படி ஓர் அமைப்பைத் தொடங்கிவிட்டார்கள். இப்போது அந்தப் பேரவையில் 20 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். மாணவர்களே வாக்களித்து அவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அமெரிக்காவில் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இதுபோன்ற ஒரு பேரவை உண்டு.

பேரவையால் சாப்பாட்டு விலையைக் குறைக்க முடியுமா? முடியாது. சமையல்காரரை மாற்ற முடியுமா? அதுவும் முடியாது. விலையைப் பல்கலைக்கழக நிர்வாகம்தான் முடிவு செய்யும். மாணவர்கள் கட்டும் கட்டணத்தில் ஒரு சிறு பகுதியைச் சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அதிகாரம் பல பேரவைகளுக்கு இருக்கிறது. ஒரு பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவர்கள் பொங்கல் விழா நடத்தினால், அதில் கொஞ்சம் பணம் இப்படி வந்திருக்கலாம். மற்ற விஷயங்களில் பேரவையால் கேட்கத்தான் முடியும். ஆனால் எல்லாரும் சேர்ந்து, எழுதி, வாக்களித்துக் கேட்பது வேறு. தனியாக முணுமுணுப்பது வேறு.

அது எப்படி நடக்கும் என்று பார்க்கலாமா? உங்களுக்கு ஓர் அக்கா இருக்கிறார், அவர் ஒரு பல்கலைக்கழகப் பேரவையில் உறுப்பினர் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். "பேசாம உட்கார்ந்து வேடிக்கை பார்க்கணும், சரியா?" என்று சொல்லி உங்களைக் கூட்டத்துக்கு அழைத்துப் போகிறார். (அவர்கள் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். நாம் தமிழில் கேட்போம்.)

இரவு ஏழு மணி. நீளமான மேசை. தலைவர் சிறு சுத்தியலால் மேசையைத் தட்டுகிறார். அக்கா எழுந்து ஒரு தாளைப் படிக்கிறார்: "முதலாமாண்டு மாணவர்கள் வாரத்துக்கு 14 வேளை உணவுத் திட்டத்தைக் கட்டாயம் வாங்க வேண்டும் என்ற விதியை மாற்ற வேண்டும். 10 வேளைத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கவும் அவர்களை அனுமதிக்க வேண்டும்." இதுதான் தீர்மானம்.

"வழிமொழிகிறேன்" என்று இன்னொருவர் கையைத் தூக்குகிறார். ஒருவர் கொண்டுவரும் தீர்மானத்தை இன்னொருவராவது வழிமொழிந்தால்தான் அதைப் பற்றிப் பேசவே தொடங்குவார்கள்.

இந்த விதிகளை அமெரிக்காவில் பரவலாக்கியவர் ஹென்றி ராபர்ட் என்ற ராணுவப் பொறியாளர். 1863இல் ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்கும்படி அவரை அழைத்தார்கள். எப்படி நடத்துவது என்று தெரியாமல் அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதன்பிறகு விதிகளைத் தேடித் தேடிப் படித்து, 1876இல் ஒரு புத்தகமே எழுதிவிட்டார். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம், ஒரு விஷயத்தைத்தான் பேசலாம் என்பதெல்லாம் அதில் உண்டு. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் இதைப் பின்பற்றிப் பார்க்கலாம்!

அக்கா ஒரு கணக்குச் சொல்கிறார். "ஒரு பருவத்துக்கு 15 வாரம். வாரம் 14 வேளைன்னா மொத்தம் 210 வேளை. திட்டத்தோட விலை 2,520 டாலர். அப்போ ஒரு வேளைக்கு 12 டாலர். ஆனா என் தோழி ஒருத்தி காலையில சாப்பிடுறதே இல்லை. அவளுக்கு எட்டு மணிக்கு வகுப்பு. அவ வாரம் 10 வேளைதான் சாப்பிடுறா. மீதி 60 வேளை வீணாப் போகுது. அதாவது 720 டாலர். அவ்வளவும் அவ கடன் வாங்கிக் கட்டின பணம்."

எல்லாரும் தலையாட்டுகிறார்கள். தீர்மானம் உடனே நிறைவேறிவிடும் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆனால் ஒரு மாணவர் எழுந்து நிற்கிறார்.

"நான் உணவுக் கூடத்துல பாத்திரம் கழுவுறேன். வாரம் 12 மணி நேரம். எல்லாரும் சின்னத் திட்டத்துக்கு மாறிட்டா கூடத்துக்கு வருமானம் குறையும். முதல்ல யாரோட வேலை நேரத்தைக் குறைப்பாங்க? எங்களோடதைத்தான். அந்தச் சம்பளத்துலதான் நான் புத்தகம் வாங்குறேன்."

அக்கா பதில் சொல்லாமல் குறிப்பு எழுதிக்கொள்கிறார். எனக்கு அன்று கேட்ட வாதங்களிலேயே வலுவானது இதுதான் என்று தோன்றுகிறது. உங்களுக்கு?

அடுத்து கண்ணாடி போட்ட ஒரு மாணவி எழுந்து, "திட்டம் சின்னதானா, எனக்குக் கிடைக்கிற உதவித்தொகையும் சின்னதாகுமா?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி. இதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிய வேண்டும். அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெல் உதவித்தொகை என்ற ஒன்று உண்டு. 1972இல் தொடங்கிய இந்தத் திட்டத்துக்கு, பின்னர் கிளைபோர்ன் பெல் என்ற செனட்டரின் பெயரை வைத்தார்கள். இது கடன் அல்ல, திருப்பித் தர வேண்டியதில்லை. 2024-25 கல்வியாண்டில் ஒருவருக்கு அதிகபட்சம் 7,395 டாலர் கிடைத்தது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் படிப்பு, தங்கும் இடம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் இது போதாது. அதனால்தான் பலர் கடனும் வாங்குகிறார்கள், வேலையும் செய்கிறார்கள். ஒருவருக்கு எவ்வளவு உதவி தரலாம் என்று பார்க்கும்போது, பல்கலைக்கழகம் சாப்பாட்டுச் செலவையும் கணக்கில் சேர்க்கிறது. எனவே அந்த மாணவியின் பயம் வெறும் பயம் அல்ல.

தலைவர் உறுப்பினர்களைப் பார்க்கிறார். யாருக்கும் பதில் தெரியவில்லை. "உதவித்தொகை அலுவலகத்துல ஒருத்தரைக் கூப்பிட்டுக் கேட்காம நாம இதை அனுப்பக் கூடாது" என்கிறார் அக்கா. தன்னுடைய தீர்மானத்தைத் தானே தாமதப்படுத்துகிறார்!

அப்போது பின்வரிசையில் ஒரு கை உயர்கிறது. அந்தப் பெண் உறுப்பினர் இல்லை. ஆனால் பார்வையாளர்களுக்கும் இரண்டு நிமிடம் உண்டு.

"நான் விடுதியில இல்லை. வெளியில ஒரு அறையில இருக்கேன். எனக்கு உணவுத் திட்டமே கிடையாது. வாரக் கடைசியில கையில காசு இருக்காது. சில நாள் ராத்திரி சாப்பிடாமப் படுத்துடுவேன்." சற்று நிறுத்துகிறார். "ஒரு மணி நேரமா நீங்க வீணாப் போற சாப்பாட்டைப் பத்தியே பேசுறீங்க. அதுல ஒரு வேளையை எனக்குத் தர முடியுமா?"

அறையில் சத்தமே இல்லை. தலைவர்கூடச் சுத்தியலைத் தொடவில்லை.

'அரசாங்கம் உணவுக்கு உதவி செய்யாதா?' என்று நீங்கள் கேட்கலாம். ஏழைக் குடும்பங்களுக்கு உணவு வாங்க அமெரிக்க அரசு உதவுகிறது. ஆனால் பாதி நேரமோ அதற்கு மேலோ கல்லூரியில் படிப்பவர்களுக்கு அது எளிதில் கிடைக்காது. வாரம் 20 மணி நேரம் வேலை செய்வது போன்ற ஏதாவது ஒரு நிபந்தனைக்கு அவர்கள் உட்பட்டிருக்க வேண்டும். படிக்கவும் வேண்டும், 20 மணி நேரம் வேலையும் செய்ய வேண்டும். கடினம்தான்.

பாத்திரம் கழுவும் மாணவர் மறுபடி எழுகிறார். "நான் ஒரு திருத்தம் சொல்றேன். ஒருத்தர் சாப்பிடாத வேளைகளை ஒரு பொதுக் கணக்குல போடலாம். தேவைப்படுறவங்க அதுல இருந்து எடுத்துக்கட்டும். சாப்பாடும் வீணாகாது, கூடத்துல சமைக்கிறதும் குறையாது, எங்க வேலையும் போகாது."

திருத்தம் வந்துவிட்டால் முதலில் அதற்குத்தான் வாக்கெடுப்பு. திருத்தம் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறுகிறது. பிறகு முழுத் தீர்மானத்துக்கும் கைகள் உயர்கின்றன. ஆதரவு 12, எதிர்ப்பு 5. இரண்டு பேர் வாக்களிக்கவில்லை. உதவித்தொகை அலுவலகத்தின் பதில் வந்ததும் தீர்மானம் நிர்வாகத்துக்குப் போகும். நிர்வாகம் ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், பதில் சொல்லாமல் ஒரு வருடம் இழுக்கவும் செய்யலாம்.

நாம் கற்பனை செய்த பொதுக் கணக்கு வெறும் கற்பனை அல்ல. லாஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், 2010ஆம் ஆண்டு வாக்கில், சில மாணவர்கள் இப்படித்தான் யோசித்தார்கள். உணவு அட்டையை ஒரு முறை தேய்த்தால் ஒரு வேளைச் சாப்பாடு. பருவம் முடியும்போது மீதமிருக்கும் வேளைகளுக்கு உணவு வாங்கி, வீடில்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். நிர்வாகம் முதலில் இதை நிறுத்தச் சொன்னது. மாணவர்கள் சண்டைக்குப் போகவில்லை, விட்டுவிடவும் இல்லை. நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசி ஒரு வழி கண்டார்கள். பிறகுதான், தங்கள் வகுப்பிலேயே பசியோடு இருப்பவர்கள் உண்டு என்பது அவர்களுக்குத் தெரியவந்தது. இன்று நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் இந்த ஏற்பாடு இருக்கிறது. 2017இல் கலிஃபோர்னியா மாநிலம் கல்லூரிகளில் பசியைப் போக்க 75 லட்சம் டாலர் ஒதுக்கியது.

கூட்டம் முடிந்து நீங்கள் வெளியே வருகிறீர்கள். மணி பத்து. "பசிக்குதா?" என்று அக்கா கேட்கிறார். உணவுக் கூடம் மூடியிருக்கிறது. அக்கா பையிலிருந்து ஒரு டப்பாவை எடுக்கிறார். அம்மா கொடுத்தனுப்பிய புளிச்சாதம். பாத்திரம் கழுவும் மாணவரும் அந்தப் பக்கமாக வருகிறார். மூன்று பேருக்குப் போதுமா என்று அக்கா மூடியைத் திறந்து பார்க்கிறார்.

சொல் அறிவோம்

தீர்மானம் – பலர் கூடி எடுக்கும் முடிவு
வழிமொழிதல் – இன்னொருவர் முன்வைத்ததை ஆதரித்தல்
திருத்தம் – முன்வைத்ததில் செய்யும் மாற்றம்
இடைநீக்கம் – சில காலம் வெளியே நிறுத்திவைத்தல்

பேசிப் பார்ப்போம்

1. அக்காவின் தோழி எத்தனை வேளைகளை வீணாக்கினார்? அவர் உண்மையில் சாப்பிட்ட ஒரு வேளைக்கு எத்தனை டாலர் ஆனது? கணக்கிட்டுச் சொல்லுங்கள்.
2. எதிர்த்து வாக்களித்த ஐந்து பேரில் நீங்களும் ஒருவர். உங்கள் காரணத்தை இரண்டு நிமிடம் பேச்சுத் தமிழில் சொல்லுங்கள்.
3. உங்கள் தமிழ்ப் பள்ளியில் மாற்ற வேண்டிய ஒன்றைப் பற்றி ஒரு தீர்மானம் எழுதுங்கள். வழிமொழிய ஒருவரைத் தேடுங்கள்.