நோய்க்கும் ஓர் எண்
இரண்டாமாண்டு இளமறிவியல் (விலங்கியல்)

நம் ஒவ்வொருவருக்கும் வருகைப் பதிவேட்டில் ஓர் எண் உண்டு. நோய்களுக்கும் அப்படி எண் உண்டென்பதைச் சென்ற ஆண்டுவரை நான் அறியேன். என் பெரியப்பா மகன் ஆனைமலைப் பக்கம் ஒரு தோப்பில் தென்னை மரத்திலிருந்து விழுந்தார். மருத்துவமனை தந்த சீட்டில் ‘தொடை எலும்பு முறிவு’ என்று மட்டும் இருந்தது. எப்படி முறிந்தது என்று ஒரு சொல்லும் இல்லை. விபத்துக் காப்பீட்டு மனு திரும்பி வந்துவிட்டது. வீட்டில் படிக்கிறவன் நான் ஒருவனே என்பதால் சீட்டைத் திருத்தி வாங்க இரண்டு மாதம் நானே அலைந்தேன். அந்த அலைச்சலில் கற்றதே இக்கட்டுரை.

1893-இல் பெர்த்தியோன் என்ற பிரெஞ்சு அறிஞரின் இறப்புக் காரணப் பட்டியல் சிகாகோவில் ஏற்கப்பட்டது. 1948 முதல் அதனை உலக சுகாதார நிறுவனம் வளர்த்து வருகிறது. பதினோராம் திருத்தம் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. எனினும் அமெரிக்க மருத்துவமனைகளுக்காகச் சென்னையிலும் கோவையிலும் குறியீடு எழுதுவோர் பத்தாம் திருத்தத்தின் அமெரிக்க வடிவத்தையே பின்பற்றுகின்றனர். கீழே கூறும் விதிகள் அதனைச் சார்ந்தவை.

காயத்திற்கு இரண்டு கேள்விகள். என்ன காயம்? எதனால்? தொடை எலும்பு முறிவு எஸ் 72. மரத்திலிருந்து விழுதல் டபிள்யூ 14. அண்ணனின் சீட்டில் விடுபட்டது இந்த இரண்டாவது விடைதான்.

கர்ப்பிணிக்கு விதி வேறு. சாதாரணப் பெண்ணின் இரும்புச்சத்துக் குறைவுச் சோகை டி 50. அவளே கருவுற்றிருந்தால் ஓ 99 முன்னே வரும். டி 50 அதன் பின்னே நிற்கும். கர்ப்பத்திற்கும் அந்நோய்க்கும் தொடர்பில்லை என்று மருத்துவர் எழுதினாலன்றி இம்முறை மாறாது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து வாரங்களை எண்ண வேண்டும்: 14 வாரம் நிறையும்வரை முதற்பருவம், 28 வரை இரண்டாம் பருவம், பின்னர் மூன்றாம் பருவம். நம் பெண்கள் மாதக்கணக்கே சொல்வர். வாரமாக மாற்றுவதில் தவறு நேர்வது எளிது.

இறப்புக் கணக்கிலும் நுட்பமுண்டு. கர்ப்ப காலத்திலோ அது முடிந்த 42 நாட்களுக்குள்ளோ, கர்ப்பத்தாலோ அது முற்றச் செய்த நோயாலோ இறந்தால்தான் அது தாய் இறப்பு. கர்ப்பிணி பேருந்து மோதி இறந்தால் அக்கணக்கில் சேராது.

குழந்தை பிறந்ததும் ஏடு இரண்டாகிறது. ‘ஓ’ வரிசை தாயின் ஏட்டில் மட்டும். ‘பி’ வரிசை குழந்தையின் ஏட்டில் மட்டும். தாய்க்கு இரத்த அழுத்தம் இருந்ததாலேயே பிள்ளைக்கு எண் இடக்கூடாது. அதனால் பிள்ளை பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். பிறப்புக்கு முன்பிருந்து பிறந்த 28-ஆம் நாள்வரையே ‘பி’ வரிசையின் காலம் என்பர். ஆனால் அந்நாட்களில் தோன்றிய நோய் நீடித்தால் எத்தனை வயதிலும் அதே எண்ணை எழுதலாம். எனக்கு வியப்பளித்த விதி இது. குறைமாதப் பிள்ளைக்கு பி 07-இல் இரண்டு எண்கள்: எடைக்கு முதலில், கர்ப்ப வாரத்திற்குப் பிறகு.

இதைப் படித்த அன்று அம்மாயியிடம் அவருடைய தலைச்சன் பிள்ளையைப் பற்றிக் கேட்டேன். எட்டாம் மாதத்தில் பிறந்து மூன்றாம் நாள் இறந்த பிள்ளை. “சீர் தட்டிருச்சு” என்றார். எடை எவ்வளவு இருந்தது என்றேன்.

“எடையா? அதை யாரு சாமி நிறுத்துப் பாத்தாங்க?”