ஒரே வயலில் நெல்லும் இறாலும்

நெல்லுக்கு நன்னீர் வேண்டும். புலி இறாலுக்கு உப்பு கலந்த நீர் வேண்டும். இவை இரண்டையும் ஒரே வயலில் வளர்க்க முடியுமா? முடியும் என்று காட்டியிருக்கிறார்கள் வியட்நாம் நாட்டு உழவர்கள்.

மீகாங் ஆறு அந்நாட்டின் தென்பகுதியில் பல கிளைகளாகப் பிரிந்து கடலில் கலக்கிறது. மே முதல் நவம்பர் வரை மழைக்காலம். அப்போது ஆற்று வெள்ளம் கடல்நீரை வெளியே தள்ளிவிடும். வறண்ட மாதங்களில் ஆறு மெலிய, கடல்நீர் உள்ளே ஏறும். அதன் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.025. நன்னீரைவிடக் கனமானதால் அது ஆற்றின் அடியில் ஆப்பு போல நுழைகிறது.

உப்புநீரில் நெல் ஏன் வாடுகிறது? சவ்வூடு பரவல் பற்றிப் படித்திருப்பீர்கள். வேருக்கு வெளியே உப்பு மிகுந்தால், நீர் வேருக்குள் புகுவது கடினமாகிறது. சுற்றிலும் நீர் நிற்க, பயிர் தாகத்தால் வாடும்! கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. 4 கிராம் இருந்தாலே பெரும்பாலான நெல் வகைகள் தாங்கா.

1990களில் அரசு மதகுகளைக் கட்டி உப்புநீரைத் தடுத்தது. நெல் பெருகியது, இறால் வளர்த்தோரின் பிழைப்பு கெட்டது. 2001-இல் பாக் லியூ மாகாணத்தில் அவர்கள் ஓர் அணையையே உடைத்தனர். அதன் பிறகு, இரு சாராருக்கும் ஏற்றவாறு மதகுகள் இயக்கப்பட்டன.

இரண்டையும் இணைக்கும் வயலைப் பாருங்கள். நடுவில் மேட்டு நிலம், சுற்றிலும் அகழி. வறண்ட காலத்தில் உப்புநீரை விட்டு இறால் வளர்ப்பர். மழை தொடங்கியதும் உப்பைக் கழுவி வெளியேற்றி, மேட்டில் நெல் நடுவர். இறாலின் கழிவு நெல்லுக்கு உரம். அறுவடைக்குப் பின் தாள் மட்கி, இறாலுக்கு இரையாகும் நுண்ணுயிர்களை வளர்க்கும். பூச்சிமருந்து இறாலைக் கொல்லும் என்பதால் உழவர் அதைக் குறைத்துக்கொள்கின்றனர்.

உப்பைக் கழுவுவதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஒரு கணக்குப் போடுவோம். வயல்நீரில் லிட்டருக்கு 16 கிராம் உப்பு இருக்கிறது. பாதி நீரை வடித்து, அந்த அளவு மழைநீரை நிரப்பினால் 8 கிராம் ஆகும். மறுமுறை 4, மூன்றாம் முறை 2. உண்மையில் களிமண்ணில் ஊறிய உப்பும் மெல்ல வெளிவரும். எனவே இன்னும் பல முறை கழுவ வேண்டும்.

மழை பொய்த்தால்? 2015-16-இலும் 2019-20-இலும் கடும் வறட்சியால் மீகாங் கழிமுகத்தில் உப்பு வெகுதூரம் உள்ளே புகுந்தது. கழுவ நீரில்லாத நிலத்தில் நெல் பிழைக்காது. நெல் போனால் இறாலுக்கு உதவும் தாளும் இல்லை. ஆகவே இம்முறையைப் புதிய இடங்களில் பரப்பும் முன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, உப்புநீர் வருமா என்பதன்று. அதைக் கழுவ நன்னீர் போதுமா என்பதே.

உங்களுக்கு ஒரு கணக்கு: 16 கிராமை 1 கிராமாகக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பாதி நீரை மாற்றுவது நல்லதா, முக்கால் பங்கை மாற்றுவது நல்லதா? எதில் மழைநீர் மிச்சமாகும்?