உளவியல் பட்டம்: வரவும் கடனும்

நெசவாளர் பாவு போடுமுன் நூலின் விலை, சாயக்கூலி, சேலை முடியும் நாள், கைக்கு வரும் கூலி ஆகியவற்றைக் கணக்கிடுகின்றார். பயிரிடுவோர் விதை, எரு, ஆட்கூலி, நீர் ஆகியவற்றை மனக்கணக்காகவேனும் எண்ணிப் பார்த்த பின்னரே ஏரைப் பூட்டுகின்றார். ஆயினும் மக்களின் கல்லூரிப் படிப்பு என்று வருங்கால் நம்முள் பலர் அக்கணக்கைப் போடக் கூசுகின்றோம். கல்வியின் பெருமையைக் காசால் அளத்தல் இயலாது என்பது மெய்யே. ஆனால் கல்விக்கென வாங்கிய கடனைக் காசால்தான் அடைக்க வேண்டும். ஆகவே இம்மாதப் பாடமாக, இளைஞர் பலர் விரும்பும் உளவியல் இளங்கலைப் பட்டத்தை எடுத்துக்கொண்டு, அதன் வரவையும் கடனையும் ஆராய்வோம்.

பட்டம் திறக்கும் வாயில் எது?

மூன்றாண்டு உளவியல் பட்டம் பெற்றவுடன் மகனோ மகளோ மனநல நிபுணர் ஆகிவிடுவர் என்று பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். சட்டம் அவ்வாறு கூறவில்லை. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி, மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிவோர் அக்கவுன்சிலின் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், உளவியலில் முதுகலைப் பட்டமும் அதன் மேல் இரண்டாண்டு முழுநேர எம்.பில். பயிற்சியும் பெற்றவரையே மருத்துவ உளவியலாளர் என்று முதன்மையாக வரையறுத்தது. ஆக, மூன்று, இரண்டு, இரண்டு என ஏழாண்டுகள் ஆகின்றன. 2022ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் எம்.பில். பட்டத்தை விலக்கியமையால் இப்பயிற்சியின் அமைப்பு மாறி வருகின்றது. எனவே சேரும் ஆண்டில் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலை நேரில் பார்த்தறிதல் அவசியம்.

"இளங்கலை முடித்து வேலைக்குச் சென்றபடியே அஞ்சல் வழியில் முதுகலை படித்துக்கொள்ளலாம்" என்று எண்ணுவோரும் உளர். அவ்வழி 2025ஆம் ஆண்டில் அடைபட்டது. அவ்வாண்டு ஜூலை-ஆகஸ்டு சேர்க்கை முதல், உளவியல் உள்ளிட்ட உடல்நலம் சார்ந்த படிப்புகளைத் தொலைநிலையிலும் இணைய வழியிலும் நடத்தலாகாது என்று மானியக் குழு பணித்தது. முதுகலைக்கும் கல்லூரிக்கே செல்ல வேண்டும். அவ்விரண்டாண்டுச் செலவையும் முதலிலேயே கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

இளங்கலை மட்டும் போதுமான பணிகளும் உண்டு. எப்பட்டமும் ஏற்கப்படும் அரசுத் தேர்வுகள், வங்கித் தேர்வுகள், நிறுவனங்களின் ஆளெடுப்புப் பிரிவு, தொண்டு நிறுவனங்கள் முதலியவை அவை. இவற்றில் உளவியல் பட்டதாரி மற்றப் பட்டதாரிகளுடன் ஒரே வரிசையில் நின்று போட்டியிடுகின்றார். இதனை அறிந்து சேர்ந்தால் ஏமாற்றம் இல்லை.

கடன் வளரும் முறை

வங்கிக் கல்விக் கடனில் பொதுவாகப் படிப்புக் காலமும் அதற்குப்பின் ஓராண்டும் தவணை கேட்கப்படுவதில்லை. ஆயின் தவணைதான் நிற்கின்றது, வட்டி நிற்பதில்லை. இதனை ஓர் உதாரணத்தால் காண்போம். எண்கள் யாவும் பயிற்சிக்காக நாம் கொண்டவை.

ஆண்டுத் தொடக்கத்தில் ரூ. 1,00,000 வீதம் மூன்றாண்டுகளில் ரூ. 3,00,000 கடன் பெறப்படுகின்றது. வட்டி நூற்றுக்குப் பத்து எனக் கொள்வோம். தவணை தொடங்கும் நாளில் முதல் இலட்சத்திற்கு நான்காண்டுத் தனிவட்டி ரூ. 40,000, இரண்டாம் இலட்சத்திற்கு மூன்றாண்டு வட்டி ரூ. 30,000, மூன்றாம் இலட்சத்திற்கு ஈராண்டு வட்டி ரூ. 20,000. மூன்று இலட்சம் என்று நாம் நினைத்திருந்த கடன் ரூ. 3,90,000 ஆகி நிற்கின்றது.

இதனைப் பத்தாண்டுகளில் அடைப்பதாயின் மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 5,150, செலுத்தும் மொத்தம் ரூ. 6,18,000க்குச் சற்று மேல். ஐந்தாண்டுகளில் அடைப்பதாயின் தவணை ஏறத்தாழ ரூ. 8,290, மொத்தம் ரூ. 4,97,000 அளவில். தவணை சிறிதாயின் கடன் நீள்கின்றது. கடன் நீண்டால் வட்டி பெருகுகின்றது.

தவணை தொடங்கும் நாள் வரை வட்டியை மட்டும் அவ்வப்போது செலுத்தி வந்தால் என்ன ஆகும்? அந்த ரூ. 90,000 அசலோடு சேராது. பத்தாண்டுத் தவணை ஏறத்தாழ ரூ. 3,965 ஆகக் குறையும். முன்செலுத்திய வட்டியையும் கூட்டிப் பார்த்தாலும் ஐம்பதினாயிரத்திற்கு மேல் மிச்சம்.

வரவுப் பக்கம்

முதல் வேலையில் மாதம் ரூ. 15,000 கிடைப்பதாகக் கொள்வோம். நகரில் தங்கும் அறை, உணவு, பேருந்துச் செலவு ஆகியவற்றிற்கு ரூ. 10,000 போயின் மீதம் ரூ. 5,000. பத்தாண்டுத் தவணைக்கே அது போதாது. குறையும் தொகையை எவர் தருவர்? கல்விக் கடனில் பெற்றோரும் கூட்டுக் கடனாளிகளாகக் கையொப்பம் இடுகின்றனர். எனவே அது தறிக்கூலியிலிருந்தோ, அறுவடைப் பணத்திலிருந்தோ வரவேண்டியதாகும்.

செலவுப் பட்டியலில் எழுதப்படாத செலவு ஒன்றும் உண்டு. மூன்றாண்டுகள் படிக்கும் இளைஞர் அக்காலத்தில் ஈட்டியிருக்கக்கூடிய கூலி அது. மாதம் ரூ. 8,000 எனினும் 36 மாதங்களுக்கு ரூ. 2,88,000 ஆகும். படிக்க வேண்டாம் என்பதற்காக இதனைக் கூறவில்லை. குடும்பம் செய்யும் தியாகத்தின் முழு அளவு தெரிய வேண்டும் என்பதற்காகவே கூறுகின்றோம்.

பிறநாட்டு அனுபவம்

அமெரிக்காவில் ஆண்டுதோறும் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் உளவியல் இளங்கலைப் பட்டம் பெறுகின்றனர். அங்கும் உளவியலாளராக உரிமம் பெறப் பொதுவாக முனைவர் பட்டம் வேண்டும். பட்டதாரிகளின் கடனையும் ஊதியத்தையும் அந்நாட்டு அரசு வெளியிட்டு வருகின்றது. 2025 ஜூலையில் அங்கு ஒரு சட்டம் நிறைவேறிற்று. ஒரு பாடப்பிரிவில் பட்டம் பெற்றோரின் நடு ஊதியம், பள்ளிப் படிப்போடு நின்றோரின் நடு ஊதியத்தினும் குறைவாக மூன்றாண்டுகளில் ஈராண்டு காணப்படின், அப்பிரிவிற்கு அரசுக் கடன் நிறுத்தப்படும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. நடு ஊதியம் என்பது, அனைவரையும் ஊதிய வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் ஊதியம். கல்லூரி விளம்பரங்கள் வரிசையின் தலையில் நிற்பவரைக் காட்டும். நாம் கேட்க வேண்டியது நடுவில் நிற்பவரைப் பற்றி.

செய்யத்தக்கவை

முதலாவதாக, அரசு கலைக் கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று முயல வேண்டும். கட்டணம் குறைவாதலின் கடனே தேவைப்படாமற் போகலாம். வீட்டிலிருந்து சென்று வரக்கூடிய கல்லூரியாயின் விடுதிச் செலவும் மிஞ்சும்.

இரண்டாவதாக, கடன் வேண்டுமாயின் வங்கியையோ கூட்டுறவு வங்கியையோ நாடுக. தனியாரிடம் கந்துவட்டிக்கு வாங்கற்க. வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் நான்கு இலட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை. அத்தொகைக்காக வீட்டுப் பத்திரத்தையோ நிலத்தையோ எவரிடமும் ஒப்படைத்தல் வேண்டா.

மூன்றாவதாக, வட்டி மானியத் திட்டங்கள் எல்லாப் பட்டங்களுக்கும் பொருந்துவன அல்ல. தொழில்நுட்ப, தொழிற்கல்விப் பாடங்களுக்கென அமைந்தவை உண்டு. சேரவிருக்கும் கல்லூரிக்கும் பாடத்திற்கும் மானியம் உண்டா என்பதை வங்கியில் எழுத்து மூலம் கேட்டறிக.

நான்காவதாக, கல்லூரி வாயிலில் மூன்று கேள்விகள் கேளுங்கள். சென்ற ஆண்டு முடித்தவர் எத்தனை பேர்? அவருள் மேற்படிப்பிற்குச் சென்றவர் எத்தனை பேர்? வேலைக்குச் சென்றவருள் நடுவில் நிற்பவரின் ஊதியம் என்ன? விடை கூற மறுக்கும் இடத்தில் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுதல் நன்றன்று.

மனத்துயர் உற்றோர்க்கு உதவும் அறிவு நாட்டிற்கு மிகவும் வேண்டியதே. அவ்வறிவை நாடும் பிள்ளைகளை நாம் தடுத்தலாகாது. ஏழாண்டுப் பாதை என்று தெரிந்து, ஏழாண்டிற்கும் வழி வகுத்து அனுப்புவோம். இடைவழியில் பணம் தீர்ந்து நிற்கும் பிள்ளையின் மனத்துயரை அப்பட்டம் ஆற்றாது.

பயில்வோர்க்குச் சில வினாக்கள்

1. தவணை இல்லாத காலத்திலும் கடன் வளர்வது ஏன்?

2. மேற்கண்ட உதாரணத்தில் கடன் ரூ. 1,50,000 மட்டுமாயின், தவணை தொடங்கும் நாளில் எவ்வளவு ஆகும்?

3. உங்கள் வீட்டில் கல்லூரி செல்லவிருக்கும் ஒருவருக்கு வரவு, கடன் இரண்டையும் ஒரே தாளில் எழுதி, சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் மற்ற அங்கத்தினருடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.