கோப்பர்நிக்கஸ் எந்த ஊர்க்காரர்?

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் வந்தது. நலம் விசாரித்து ஒரு வரி, கேள்விக்கு ஒரு வரி, அவசரத்துக்கு மூன்று ஆச்சரியக்குறி! கல்லூரி மலருக்குக் கட்டுரை எழுதுகிறாய், சந்தோஷம். ஆனால் "கோப்பர்நிக்கஸ் போலந்துக்காரரா, ஜெர்மானியரா? ஒரே வரியில் சொல்லுங்கள் மாமா" என்று கேட்டிருக்கிறாயே, அதற்கு உன் காதைத் திருக வேண்டும். ஐந்நூறு வருஷத்துச் சங்கதியை ஒரே வரியில் கேட்கிற பிள்ளையை உன் அம்மா எப்படித்தான் வளர்த்தாளோ.

சரி, ஒரு வரி வேண்டுமென்றால் எழுதிக்கொள்: அவர் போலந்து மன்னருக்குக் கீழ்ப்பட்ட குடிமகன், ஜெர்மன் பேசிய வணிக நகரத்துப் பிள்ளை, லத்தீனில் எழுதிய திருச்சபை அலுவலர்.

"நான் கேட்டது இது இல்லையே" என்று நீ முகத்தைச் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. பொறு. இதைவிடச் சின்ன வரி எழுதினால் அது பொய்யாகிவிடும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அவர் பிறந்த ஊர். விஸ்துலா ஆற்றங்கரையில் தோருன். 1473 பிப்ரவரி 19 அன்று அங்கே பிறந்தார். அந்த ஊரை உண்டாக்கியவர்கள் டியூட்டானிக் வீரத்துறவிகள். ஜெர்மன் பேசியவர்கள், சிலுவையும் வாளுமாக வந்து அந்தப் பிரதேசத்தைப் பிடித்து ஆண்டவர்கள். ஊருக்குள் இருந்த வணிகர்களும் பெரும்பாலும் ஜெர்மன் பேசியவர்களே. அப்படியானால் இரண்டு தரப்பும் ஒற்றுமையாக இருந்திருக்கும் என்று நினைப்பாய். நீ தவறப்போகும் முதல் இடம் இதுதான். வரியும் அதிகாரமும் தாங்க முடியாமல் நகரத்தாரும் நிலப்பிரபுக்களும் 1440இல் ஒரு கூட்டணி அமைத்தார்கள். 1454இல் தோருன் மக்கள் வீரத்துறவிகளின் கோட்டைக்குள் புகுந்து அதை இடித்தே போட்டார்கள். அந்த இடிபாடு இன்றும் ஊர் நடுவே இருக்கிறது. இடித்த கையோடு, போலந்து மன்னர் நான்காம் காசிமிரிடம் போய் "எங்களை உங்கள் ஆட்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டார்கள்.

ஜெர்மன் பேசிய வணிகர்கள், ஜெர்மன் பேசிய வீரத்துறவிகளுக்கு எதிராக, போலந்து மன்னரிடம் அடைக்கலம் கேட்டார்கள். இதை இரண்டு முறை படி. மொழி எங்கேயோ அங்கேதான் விசுவாசமும் இருக்கும் என்ற கணக்கு அந்த ஊரில் செல்லவில்லை. பதின்மூன்று வருஷம் போர் நடந்து, 1466இல் அதே தோருனில் சமாதானம் கையெழுத்தானது. வீரத்துறவிகள் ஆண்ட பிரதேசத்தின் மேற்குப் பகுதி போலந்து முடியின் கீழ் வந்தது. அரச பிரஷ்யா என்று பெயர். ஆனால் அந்தப் பகுதிக்குத் தனிச் சபை உண்டு, தனி உரிமைகள் உண்டு. அவற்றை விட்டுக்கொடுக்காமல் காத்துக்கொள்வதில் அந்த நகரத்தார் வெகு கெட்டி.

இனி குடும்பம். அப்பா கிராகோவ் நகரத்துச் செம்பு வியாபாரி; 1450களின் கடைசியில் தோருனில் குடியேறினார். அம்மா பார்பரா, தோருனின் பெரிய வணிகக் குடும்பமான வாட்சன்ரோடே வீட்டுப் பெண். அந்த வீட்டுத் தாத்தா வீரத்துறவிகளின் பரம எதிரி, போருக்குப் பணம் கொடுத்தவர். அப்பா போனபிறகு பிள்ளையை ஆளாக்கியவர் தாய்மாமன் லூக்காஸ். அவர் பின்னால் அந்தப் பக்கத்து மறைமாவட்டமான வார்மியாவின் ஆயர் ஆனார். படிக்க வைத்ததும், தேவாலயத்தில் ஒரு பதவி வாங்கிக்கொடுத்ததும் மாமன்தான். மாமன்களின் அருமையை இதிலாவது தெரிந்துகொள்!

இந்த வாழ்க்கையில் ஒவ்வொரு தரப்பும் தனக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளலாம். ஜெர்மன் தரப்பு சொல்வது: 1496இல் இத்தாலியில் பொலோனியா பல்கலைக்கழகத்துக்குப் போனவர் அங்கே ஜெர்மானிய மாணவர் சங்கத்தில்தான் பெயர் பதிந்தார், அவர் எழுதிய ஜெர்மன் கடிதங்கள் இருக்கின்றன, போலிஷ் மொழியில் எழுதியதாக ஒரு தாள்கூட இன்று கைவசம் இல்லை. இவை உண்மை. போலந்துத் தரப்பு சொல்வது: முதலில் படித்தது கிராகோவில், இத்தாலியில் படித்த காலம் போக வாழ்நாளெல்லாம் போலந்து மன்னருக்குக் கட்டுப்பட்ட நிலத்தில் வாழ்ந்தார், வீரத்துறவிகள் மறுபடி படையெடுத்து வந்தபோது வார்மியாவில் இருந்த ஓல்ஷ்டின் கோட்டையின் பாதுகாப்பைக் கவனித்து, 1520 நவம்பரில் மன்னர் சிகிஸ்முண்டுக்கு உதவி கேட்டுக் கடிதம் எழுதினார். இதுவும் உண்மை. பொலோனியாவின் அந்தச் சங்கத்தில் சிலேசியா, பிரஷ்யா, பொமரேனியா என்று பல பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்திருந்தார்கள். ஊர்விட்டு ஊர் வந்த மாணவர்களுக்குப் பாதுகாப்பும் சலுகையும் வாங்கித்தந்த அமைப்பு அது. அதை வைத்து இன்றைய பாஸ்போர்ட் தயாரிக்க முடியாது. அதேபோல, மன்னருக்கு விசுவாசமாக இருந்தார் என்பதை வைத்து வீட்டில் என்ன மொழி பேசினார் என்று தீர்ப்புச் சொல்லவும் முடியாது.

"இன்னும் கொஞ்சம் ஆதாரம் கிடைத்தால் தீர்ந்துவிடும்" என்று நினைக்கிறாயா? நில வழக்கில் பழைய பட்டா ஒன்று சிக்கினால் தீர்ப்பாகிவிடும், அப்படி? ஆதாரத்துக்கு இங்கே பஞ்சமே இல்லை, மருமகனே. எலும்பே கிடைத்தது! 2005இல், அவர் பணியாற்றிய ஃப்ராம்போர்க் பேராலயத்தின் தரையைத் தோண்டி ஒரு மண்டையோட்டை எடுத்தார்கள். அது யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் வைத்திருந்த ஒரு புத்தகம் ஸ்வீடனில் உப்சாலாவில் இருந்தது. பழைய போரில் ஸ்வீடன் படை கொள்ளையடித்துக்கொண்டு போன புத்தகங்களில் ஒன்று. அதன் தாள்களுக்கு நடுவே சில முடிகள் சிக்கிக் கிடந்தன. முடியின் மரபணுவும் பல்லின் மரபணுவும் ஒத்துப்போயின. 2008இல் முடிவு சொன்னார்கள். 2010 மே 22 அன்று மரியாதையோடு மறுபடி அடக்கம் செய்தார்கள். மண்டையோடு யாருடையது என்று மரபணு சொல்லிவிட்டது. எந்த நாட்டுக்காரர் என்று அது சொல்லவில்லை. சொல்லவும் செய்யாது. "ரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடுமே" என்று கட்டுரையில் எழுதிவைத்திருந்தால் இப்போதே அடித்துவிடு.

அடுத்து நீ என்ன சொல்வாய் என்றும் தெரியும். "பெரிய மனிதர்கள் உலகத்துக்கே சொந்தம் மாமா, எதற்கு இந்தச் சண்டை?" மேடையில் சொன்னால் கைதட்டல் விழும். ஆனால் அது யோசிக்காமல் தப்பித்துக்கொள்ளும் பேச்சு. ஏன் என்பதற்கு வார்சாவில் நடந்த ஒன்றைக் கேள்.

வார்சாவில் கோப்பர்நிக்கஸுக்கு ஒரு சிலை உண்டு. தோர்வால்ட்சன் வடித்தது, 1830இல் திறந்தது. பீடத்தில் அவர் நாட்டவர்கள் அவருக்கு எடுத்தது என்று போலிஷ் மொழியில் எழுதியிருந்தது. இரண்டாம் உலகப்போரில் நகரம் ஜெர்மானியர் கையில் சிக்கியது. அந்த எழுத்தை மறைத்து ஜெர்மன் மொழிப் பலகை ஒன்றைப் பொருத்தினார்கள். 1942 பிப்ரவரி 11, கடும் பனி. அலெக்சி டாவிடோவ்ஸ்கி என்ற இருபத்தொரு வயதுப் பையன் சிலையின் கீழே நின்று, பலகையின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். பலகையைப் பனிக்குள் புதைத்துவிட்டான். பிடிபட்டிருந்தால் உயிர் போயிருக்கும். பழிவாங்க, ஜெர்மானியர்கள் 1794 எழுச்சியின் தலைவர்களில் ஒருவரான, செருப்புத் தைக்கும் தொழிலாளி கிலின்ஸ்கியின் சிலையைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் ஒளித்தார்கள். "வார்சா மக்களே, நான் இங்கே இருக்கிறேன்" என்று கிலின்ஸ்கியே சொல்வதுபோல அந்தச் சுவரில் எழுத்து தோன்றியது. பிறகு கோப்பர்நிக்கஸ் சிலை பக்கத்தில் ஓர் அறிவிப்பு: கிலின்ஸ்கி சிலையை எடுத்ததற்குப் பதிலடியாகக் குளிர்காலத்தை ஆறு வாரம் நீட்டிக்க உத்தரவிடுகிறேன், இப்படிக்கு வானியலாளர் கோப்பர்நிக்கஸ். அந்த வருஷம் குளிர் நிஜமாகவே நீண்டது என்று வார்சாக்காரர்கள் சொல்வார்கள். அந்தப் பையன் மறு வருஷம் மார்ச்சில், சிறைபிடிக்கப்பட்ட நண்பனை மீட்கும் தாக்குதலில் காயம்பட்டு இறந்தான்.

அந்தப் பையனிடம் போய் "கோப்பர்நிக்கஸ் உலகத்துக்குச் சொந்தம், விடப்பா" என்று சொல்ல உனக்கு வாய் வருமா? அவன் கழற்றியது தன் ஊரையே தன்னிடமிருந்து பறித்தவர்கள் வைத்த பலகையை. ஒருவரை உரிமை கொண்டாடும்போது, அதனால் உயிரோடிருக்கும் யாருடைய நிலமும் பெயரும் பறிபோகின்றன என்று பார்க்க வேண்டும். அன்று போனது போலந்து மக்களுடையது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதற்காகப் போலந்துத் தரப்பு சொல்வதெல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளாதே. கோப்பர்நிக்கஸைச் சுத்தமான போலிஷ்காரராக்க, அவர் ஊரில் ஒலித்த ஜெர்மனைக் காதில் விழாததுபோல விட்டுவிடும் பழக்கமும் உண்டு. தோருனை உண்மையாகப் பார்க்கிறவன் அப்படிச் செய்ய மாட்டான். எனக்குப் பிடித்த விடை 1853இல் தோருன் சிலையின் கீழே எழுதப்பட்டது. அப்போது ஊர் பிரஷ்ய அரசின் கையில். லத்தீனில் எழுதினார்கள்: தோருன்காரர், பூமியை நகர்த்தியவர், சூரியனையும் வானத்தையும் நிறுத்தியவர் என்று. நாட்டின் பெயரே இல்லை. ஊர் பெயர் இருக்கிறது, அவர் செய்த வேலை இருக்கிறது.

இதெல்லாம் பழங்கதை, இன்று யாருக்கு இதனால் என்ன நஷ்டம் என்பாய். பால்கன் பக்கம் திரும்பிப் பார். கோத்சே டெல்சேவ் என்ற புரட்சிக்காரர், 1872இல் ஒட்டோமான் ஆட்சியில் இருந்த குகுஷ் ஊரில் பிறந்தார். அது இன்று கிரேக்கத்தில் கில்கிஸ். 1903இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பல்கேரியப் பள்ளி ஆசிரியர், தன்னைப் பல்கேரியர் என்று எழுதியவர். ஆனால் அவர் கேட்டது மாசிடோனியாவுக்குத் தன்னாட்சி, பல்கேரியாவோடு இணைப்பதை அவர் ஏற்கவில்லை. எலும்புகள் 1923இல் பல்கேரியத் தலைநகர் சோஃபியாவுக்குப் போயின, 1946இல் மாசிடோனியத் தலைநகர் ஸ்கோப்யேவுக்கு. இன்று பல்கேரியா, வட மாசிடோனியா இரண்டு நாட்டிலும் அவர் பெயரில் ஊர் உண்டு. வட மாசிடோனியாவின் நாட்டுப்பண்ணில் அவர் பெயர் வரும். 2017இல் இரண்டு நாடும் நட்புறவு ஒப்பந்தம் போட்டு, இப்படிப்பட்டவர்களைப் பற்றிப் பேச வரலாற்றாசிரியர்களின் கூட்டுக்குழுவை அமைத்தன. குழு மாட்டிக்கொண்ட இடங்களில் முக்கியமானது டெல்சேவ். 2020 நவம்பரில், வரலாறும் மொழியும் பற்றிய இந்தத் தகராறைச் சொல்லி, ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வட மாசிடோனியா நடத்தவிருந்த பேச்சுவார்த்தையைப் பல்கேரியா தடுத்தது. 2022 ஜூலை வரை அது தொடங்கவே இல்லை. வேலைக்கும் படிப்புக்கும் அந்தக் கதவு திறக்கும் என்று காத்திருந்த பிள்ளைகள், நூறு வருஷத்துக்கு முன்பு செத்துப்போன மனிதருக்காகக் காத்துக் கிடந்தார்கள். இதை அநியாயம் என்றுதான் நான் சொல்வேன்.

டெல்சேவ் எந்த நாட்டவர் என்று என்னைக் கேட்டால் பல்கேரியர் என்பேன். மாசிடோனியாவுக்காகச் செத்தவர் என்றும் அதே மூச்சில் சொல்வேன். இரண்டையும் சேர்த்து எழுதக் குழுவில் இருந்தவர்களுக்குத் தெரியாமல் இல்லை. எழுதினால் ஊரில் வசவு விழும், அதுதான் தடை.

சரி, கட்டுரைக்கு வா. "போலந்தில் பிறந்த ஜெர்மானிய விஞ்ஞானி" என்று ஒரு தலைப்புப் போட்டிருக்கிறாயே, அதைக் கிழித்துப்போடு. இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து உன்னைத் திட்டுவார்கள், இருவர் பக்கமும் நியாயம் இருக்கும். ஊர் பெயரை எழுதும்போது பக்கத்தில் வருஷத்தையும் எழுது. தோருன் 1454க்குப் பிறகு போலந்து மன்னர் கையில், 1793இல் பிரஷ்யா கையில், 1920இல் மறுபடி போலந்து கையில், 1939இல் ஜெர்மனி கையில், 1945இல் திரும்பவும் போலந்து கையில். வருஷம் இல்லாமல் "எந்த நாடு" என்று கேட்டால் அந்த ஊரே விழிக்கும். அவர் என்ன மொழியில் எழுதினார், யாருக்கு வரி கட்டினார், யாரை எதிர்த்தார், யாரிடம் உதவி கேட்டார் என்று தனித்தனியாக எழுது. பதில்கள் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாவிட்டால் பயப்படாதே, அப்படியே விட்டுவிடு. அப்புறம், நீ பாதிக் கட்டுரையை நாட்டுச் சண்டைக்கே செலவழித்துவிட்டு, 1543இல் நூரம்பெர்க்கில் அச்சான அவருடைய புத்தகத்துக்கு ஒரே ஒரு பத்தி கொடுத்திருக்கிறாய். அதை மாற்று. பூமி சுற்றுவதை அவர் எப்படிக் கணக்குப் போட்டார் என்று மூன்று பக்கமாவது எழுது. புரியாத இடத்தில் உன் கணித வாத்தியாரைக் கேள்.

திருத்திய கட்டுரையைப் பொங்கலுக்கு வரும்போது கையோடு கொண்டு வா. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா