மணிக்கட்டுச் சிகிச்சையும் தொழிலுக்குத் திரும்புதலும்

உழைத்து உண்பவர்க்குக் கையே முதல். திருநெல்வேலிச் சீமையினின்று மும்பைக்குச் சென்ற நம்மவருட் பலர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் தாராவியில் தோல் தொழிலில் ஈடுபட்டனர். தோல் பதனிடும் கூடங்களிற் பெரும்பாலன பின்னர் அவ்விடம் விட்டு நீங்கின. எனினும் பை, பெல்ட், பணப்பை செய்யும் சிறு பட்டறைகள் இன்றும் உள. கத்தியை அழுத்திப் பிடித்தும் குத்தூசியைச் செலுத்தியும் நாள்முழுதும் உழைப்போர்க்கு நேரக்கூடிய கைநோய் ஒன்றைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் வளைந்து ஒரு பள்ளமாய் அமைந்துள்ளன. அதனை உறுதியான நார்ப்பட்டை ஒன்று மூடி நிற்கிறது. அக்குறுகிய வழியே விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் செல்கின்றன. இவ்வழியையே மருத்துவர் கார்ப்பல் டன்னல் என்பர். உள்ளே வீக்கம் கண்டால் நரம்பு நசுங்கும். அப்போது கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் ஒரு பாதி ஆகியவை மரத்துப்போகும், சுண்டுவிரல் தப்பும். இரவில் வலி மிகுந்து உறக்கம் கெடும். இந்நரம்பு மணிக்கட்டில் நசுங்குவதை 1854-இல் ஆங்கிலேய மருத்துவர் ஜேம்ஸ் பேஜெட் எழுதி வைத்தார். நீரிழிவும் இந்நோய்க்கு இடந்தரும்.

மற்ற சிகிச்சைகளால் குணமாகாவிடில், சத்திர சிகிச்சையில் அந்நார்ப்பட்டையை அறுத்து நரம்புக்கு இடமுண்டாக்குவர். அதன்பின் பலர் செய்யும் பிழை யாதெனில், தோல் ஆறியதும் கையே ஆறிவிட்டதென எண்ணுதலாம். ஆறவேண்டியவை மூன்று.

முதலாவது தோல். தையலைப் பெரும்பாலும் 10 முதல் 14 நாட்களில் பிரிப்பர். இரண்டாவது நரம்பு. இரவு வலி விரைவில் நீங்கக்கூடும். மரமரப்பு அகல வாரங்களோ மாதங்களோ ஆகலாம். கட்டைவிரலின் அடித்தசை வற்றும்வரை தாமதித்தவர்க்கு முழுக்குணம் கிட்டாமலும் போகும். மூன்றாவது பிடியின் வலிமை. அது திரும்ப ஏறக்குறைய 3 மாதமாகும். சிலர்க்கு அதனினும் மிகும். உள்ளங்கையை ஊன்றும்போது வலி சில மாதம் நீடிப்பதுமுண்டு.

ஆகவே முதல் நாள் தொட்டே விரல்களை மெல்ல மடக்கி நீட்டுக. கையை உயர்த்தி வைத்துக் காயத்தை நனையாது காக்க. தையல் பிரித்தபின், நூல் கத்தரித்தல், எண்ணி அடுக்குதல் போன்ற எளிய வேலைகளைச் சிறிது நேரம் செய்யலாம். தோல் வெட்டுதல், சுத்தியல் அடித்தல் முதலியவற்றுக்கு 6 முதல் 12 வாரம் பொறுத்து, மருத்துவர் சொற்படி திரும்புக. காயத்தில் சீழோ, பரவும் சிவப்போ, காய்ச்சலோ கண்டால் உடனே மருத்துவமனை செல்க.

பொறுக்க வேண்டுமென்பதைத் தொழிலாளி அறியாதவரல்லர்; எண்ணிக்கைக் கூலிக்காரர்க்கு வேலையில்லா நாள் கூலியில்லா நாளே. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்து தகுதி பெற்றவர்க்கு நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாள்வரை ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும். பத்துப்பேர்க்குக் குறைந்த பட்டறைகளில் உழைப்போர் பெரும்பாலும் அதனைப் பெறுவதில்லை. எனவே சிகிச்சைக்கு முன்னரே வீட்டாரிடமும் பட்டறை முதலாளியிடமும் பேசி, வேலை குறைந்த மாதத்தைத் தேர்ந்துகொள்க. இரு கைகளிலும் நோயுள்ளவர், ஒவ்வொன்றாகச் செய்துகொள்ளலாமா என மருத்துவரைக் கேட்க. முதலாளி சில வாரம் எளிய வேலை கொடுத்தல் வேண்டும்.

கூலிக்காக விரைகின்றவரைக் கடிந்து பயனில்லை. அவர் விரையாதிருக்க வழி செய்தலே சுற்றத்தாரின் கடமையாகும்.