எங்கள் ஊர் வரலாறு: ஏட்டிலும் நினைவிலும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

முன்னுரை

வரலாறு என்றதும் மன்னர்களின் பட்டியலும் போர்கள் நடந்த ஆண்டுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. தேர்வு எழுதுவதற்கு அவை போதும் என்றும் தோன்றுகிறது. ஆனால் நாம் பிறந்து வளர்ந்த ஊருக்கும் ஒரு வரலாறு உண்டா, உண்டெனில் அதனை எங்கே தேடுவது, யாரைக் கேட்பது என்னும் வினாக்களுக்கு நம் பாடநூல்களில் விடை இல்லை. புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையில், மணமேல்குடிக்கும் மீமிசலுக்கும் இடையே உள்ள கோட்டைப்பட்டினம் எனது ஊர். அவ்வூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஓர் ஊரின் வரலாற்றை ஏடுகளிலிருந்தும் முதியோர் நினைவிலிருந்தும் எவ்வாறு திரட்டலாம் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கில நாட்டார் செய்தது

ஊர் வரலாற்றைத் தனித் துறையாகவே வளர்த்த நாடு இங்கிலாந்து. அங்கே லெஸ்டர் நகரில் இருந்த பல்கலைக்கழகக் கல்லூரியில் 1948-இல் ஊர் வரலாற்றுக்கென்றே ஒரு துறை தொடங்கப்பட்டது. அத்துறையை உருவாக்கிய டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ், 1955-இல் ஆங்கில நிலத்தோற்றம் உருவான வகையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வயலின் வரப்பும், வேலியும், பாதையின் வளைவும்கூட வரலாற்றுச் சான்றுகளே என்பதை அந்நூலில் அவர் எடுத்துக்காட்டினார்.

பேராசிரியர்கள் மட்டுமன்றி எளிய மக்களும் தத்தம் ஊரைப் பற்றி எழுதினார்கள். ஆக்ஸ்போர்டுஷயரில் ஜூனிப்பர் ஹில் என்னும் குக்கிராமத்தில் கல்தச்சர் ஒருவரின் மகளாகப் பிறந்த ஃபுளோரா தாம்சன், அஞ்சல் நிலையங்களில் வேலை பார்த்தவர். 1880-களில் சிறுமியாக இருந்தபோது கண்ட ஊர் வாழ்க்கையை அவர் ‘லார்க் ரைஸ்’ என்னும் நூலாக 1939-இல் வெளியிட்டார். லாரி லீ என்பவர், குளோஸ்டர்ஷயரில் ஸ்லாட் என்னும் சிற்றூரில் கழிந்த தம் இளமையை 1959-இல் நூலாக்கினார்.

நமக்கு மிகவும் பயன்படக்கூடியவர் ஜார்ஜ் யூவார்ட் எவான்ஸ். சஃபோக் மாவட்டத்தில் பிளாக்ஸ்ஹால் என்னும் கிராமத்தில் குடியிருந்தபோது, அவர் அண்டை வீட்டு முதியவர்களிடம் அமர்ந்து பேசினார். அரிவாளால் கதிர் அறுத்தது, ஆட்டுக்கு மயிர் கத்தரித்தது, வீட்டு அடுப்பில் ரொட்டி சுட்டது ஆகியவற்றையெல்லாம் கேட்டு எழுதி, 1956-இல் நூலாக வெளியிட்டார். இயந்திரம் வருமுன் கையால் உழைத்த கடைசித் தலைமுறை அது என்பதையும், அவர்கள் மறைந்தால் அவர்கள் வழங்கிய சொற்களும் மறையும் என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். பிளாக்ஸ்ஹாலுக்கு டிராக்டர் எப்படியோ, கோட்டைப்பட்டினத்துக்கு விசைப்படகு அப்படி. பாய்மரம் ஏற்றிக் கடலுக்குச் சென்றவர்களில் சிலர் இன்றும் எங்களூரில் உயிரோடு இருக்கின்றனர். அவர்களிடம் கேட்பதற்கு நமக்கு நீண்ட காலம் இல்லை.

ஏடுகள் எந்த அலமாரியில்?

எங்கள் ஊரைப் பற்றி ஏட்டுச் சான்று தேடுபவர் முதலில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்து நூல்களையே நாடுவார். எஸ். இராதாகிருஷ்ண அய்யர் 1916-இல் எழுதிய பொது வரலாறு, 1929-இல் வெளியான கல்வெட்டுத் தொகுதி, கே. ஆர். வெங்கடராம அய்யர் 1938 முதல் 1944 வரையில் வெளியிட்ட சமஸ்தானக் கையேடு ஆகியவை புகழ்பெற்றவை. ஆனால் அவற்றில் எங்கள் கடற்கரையின் வரலாற்றை எதிர்பார்ப்பது வீண். தொண்டைமான்களின் சமஸ்தானம் கடற்கரை இல்லாத உள்நாட்டு அரசு. 1948 மார்ச் 3-ஆம் நாள் அது இந்திய ஒன்றியத்தில் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. எங்கள் ஊரோ அப்போது தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. 1974 ஜனவரி 14-ஆம் நாள் திருச்சி, தஞ்சை மாவட்டப் பகுதிகளைச் சேர்த்துப் புதுக்கோட்டை மாவட்டம் அமைக்கப்பட்டபோதுதான் ‘புதுக்கோட்டை’ என்னும் பெயருக்குக் கடல் கிடைத்தது.

ஆகவே எங்கள் ஊரின் பழைய ஏடுகளைத் தஞ்சாவூர் என்ற தலைப்பின் கீழேதான் தேட வேண்டும். வெங்கசாமி ராவ் 1883-இல் தொகுத்த தஞ்சாவூர் மாவட்டக் கையேடும், ஹெமிங்வே 1906-இல் வெளியிட்ட தஞ்சாவூர் மாவட்ட விவரச் சுவடியும் தேடலைத் தொடங்குவதற்கு உரியவை. மாவட்டத்தின் பெயரை நம்பித் தவறான அலமாரியைத் திறந்துவிட்டு, ‘இவ்வூருக்கு வரலாறே இல்லை’ என்று முடிவு கட்டிவிடுதல் எளிது. எல்லைகள் மாறிய வரலாற்றை அறிவதே ஊர் வரலாற்றின் முதற்பாடம் எனலாம்.

ஊரின் பெயரும் ஒரு சான்றே. ரா. பி. சேதுப்பிள்ளை 1946-இல் வெளியிட்ட ‘ஊரும் பேரும்’ இவ்வகை ஆய்வுக்கு நல்ல வழிகாட்டி. கடற்கரையில் அமைந்த வாணிக ஊரைப் ‘பட்டினம்’ என்றனர். அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம் என்று பட்டினங்கள் எங்கள் கரையில் வரிசையாக நிற்கின்றன. எனினும் பெயரை வைத்து மட்டும் ஒரு முடிவுக்கு வரலாகாது. பெயர் நமக்கு ஒரு வினாவைத்தான் தருகிறது. விடையை நிலத்திலும் ஆவணத்திலும் தேட வேண்டும்.

நினைவைச் சோதித்தல்

முதியவர்கள் கூறுவதையெல்லாம் அப்படியே எழுதிக்கொண்டால் வரலாறு ஆகிவிடுமா எனின், ஆகாது. இதற்கு என் வீட்டிலேயே ஒரு சான்று உண்டு.

என் தாய்வழிப் பாட்டியார் அடிக்கடி கூறுவார்: “தனுஷ்கோடிப் புயல்லதான் நம்ம வீட்டுக் கூரை போச்சு. உங்க பெரிய மாமா அப்ப என் வயித்துல.” தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் வீசியது என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் என் பெரிய மாமாவின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த ஆண்டு 1956 என்று உள்ளது. 1964-இல் அவர் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டும்! பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர்கள் உத்தேசமாக வயது எழுதுவது அக்கால வழக்கம். ஆயினும் எட்டு ஆண்டுகள் தவற இடமில்லை.

புயல்களின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தபோது விடை கிடைத்தது. 1955 நவம்பர் இறுதியில் ஒரு கடும்புயல், எங்கள் ஊருக்கு வடக்கே அதிராம்பட்டினத்தை அடுத்த இராஜாமடம் அருகே கரையைக் கடந்து, இக்கடற்கரையில் பேரழிவு செய்தது. பாட்டியாரின் கூரையைக் கொண்டுபோனது அப்புயலே ஆதல் வேண்டும். பிற்காலத்தில் ‘தனுஷ்கோடிப் புயல்’ என்னும் பெயர் எங்கும் பேசப்பட்டதால், முன்னைய புயலின் நினைவும் அப்பெயருக்குள் சென்று சேர்ந்துகொண்டது.

பாட்டியார் பொய் கூறவில்லை. கூரை போனது உண்மை. வயிற்றில் பிள்ளை இருந்ததும் உண்மை. பெயர் மட்டுமே மாறிற்று. நிகழ்ச்சியை நினைவு காத்து வைக்கும், ஆண்டைக் காத்து வைப்பதில்லை. ஆண்டைத் தருவது ஏட்டின் வேலை. பிறப்பு, திருமணம், புயல் ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எழுத்தறியாத ஒரு மூதாட்டியின் வாழ்க்கைக்கும் காலவரிசை கிடைத்துவிடுகிறது. வருங்காலத்தில் எங்கள் தலைமுறை ‘கஜாவுக்கு முன், கஜாவுக்குப் பின்’ என்று கணக்கிடும். அப்புயல் 2018 நவம்பர் 16-ஆம் நாள் வீசியது என்பதை இப்போதே எழுதி வைப்பது நல்லது.

கடலில் விழுந்த கோடு

1974-ஆம் ஆண்டு எங்கள் ஊர் தொடர்பாக இரண்டு கோடுகள் வரையப்பட்டன. ஜனவரியில் நிலத்தின்மீது வரைந்த மாவட்டக் கோட்டை முன்னர்க் கண்டோம். மற்றொன்று, அவ்வாண்டு ஜூன் மாதம் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி பாக் நீரிணையில் வரையப்பட்ட கடல் எல்லை. 1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநராக இருந்த இராபர்ட் பாக் என்பவரின் பெயர் தாங்கிய இக்கடலில், கச்சத்தீவு அக்கோட்டின் இலங்கைப் பக்கத்தில் விழுந்தது. 1976 மார்ச்சில் இரு அரசுகளும் எழுதிக்கொண்ட கடிதங்களின்படி, ஒரு நாட்டு மீனவர் மறுநாட்டுக் கடலில் மீன் பிடிக்கலாகாது என்றாயிற்று.

இக்கோடு எங்களுக்கு வெறும் பாடப்பகுதி அன்று. விசைப்படகுகள் ஒரு சில நாட்களும் நாட்டுப் படகுகள் மற்ற நாட்களும் முறை வைத்துக் கடலுக்குச் செல்வது இக்கரை வழக்கம். நான் சிறுவனாக இருந்தபோது கிழமையின் பெயரை நாட்காட்டியில் பார்த்ததில்லை. லாஞ்சு போகும் நாளா, வரும் நாளா என்று கொண்டே அறிவேன். போன படகு உரிய நேரத்தில் திரும்பாவிடில் தெருவே பேச்சடங்கிவிடும். இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போயிற்று என்ற செய்தி வந்தால், எந்தப் படகு, யார் யார் என்று பெண்கள் கரைக்கு ஓடுவார்கள்.

இந்நிலையில் ஊர் வரலாறு எழுதுவோர்க்குக் கடமை ஒன்று உண்டு. கோடு விழுவதற்கு முன் எங்கெங்கே வலை விரித்தோம், எந்தப் பருவத்தில் எவ்வளவு தொலைவு சென்றோம் என்பதை முதியவர்களிடம் ஆண்டும் இடமும் தெளிவாகக் கேட்டு எழுத வேண்டும். அவ்வாறு எழுதாவிடில் அவ்வனுபவம் மேடை முழக்கமாக மட்டுமே எஞ்சும். அதனோடு எதிர்க்கரையையும் எழுத வேண்டும். 1983 முதல் 2009 வரை நடந்த போரினால் கடலுக்குச் செல்ல இயலாதிருந்த வடஇலங்கைத் தமிழ் மீனவர்கள், மீண்டும் தொழிலுக்கு வந்தபோது, தங்கள் வலைகளை நம் விசைப்படகுகளின் இழுவை மடி அறுத்துவிடுகிறது என்று முறையிட்டனர். 2017-இல் இலங்கை இழுவை மடித் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தது. நமக்கு வேண்டியதை மட்டும் எழுதினால் அது வழக்கறிஞரின் வாதமாகுமேயன்றி வரலாறு ஆகாது.

சொல்லில் உறையும் அறிவு

பாய்மரக் காலத்தில் காற்றே எரிபொருள். ஆதலின் காற்றின் பெயர்களை அறியாதவன் கடலுக்குச் செல்ல இயலாது. வடக்கிலிருந்து வருவது வாடை; கிழக்கிலிருந்து வருவது கொண்டல்; மேற்கிலிருந்து வருவது கச்சான். இப்பெயர்களை என் பாட்டனார் தலைமுறை நாள்தோறும் வழங்கிற்று. இயந்திரம் பொருத்திய படகில் பிறந்த தலைமுறைக்கு அவற்றின் தேவை குறைந்துவிட்டது. வத்தை, வள்ளம், கரைவலை முதலிய பெயர்களும் அவ்வாறே. இவை அகராதியில் இருக்கலாம். ஆனால் எந்தக் காற்றில் எந்த மீன் கரையண்டும் என்பது அகராதியில் இராது.

இவ்வறிவு இன்றைய அறிவியலுக்கும் வேண்டியதாகும். கடற்புல் மேயும் கடற்பசுவை எங்கள் கரையில் ஆவுளியா என்பர். அருகிவரும் அவ்வுயிரைக் காப்பதற்காக, அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரையில் உள்ள பாக் விரிகுடாப் பகுதியில் சுமார் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென அமைந்த முதற் காப்பகம் இதுவே. முன்பு எங்கே புல் அடர்ந்திருந்தது, ஆவுளியா எப்பருவத்தில் தென்பட்டது என்பன முதிய மீனவர் நினைவில் உள்ளன. அவற்றைக் கேட்டு எழுதுவதும் ஊர் வரலாறே.

நாம் செய்ய வேண்டுவன

நம் கல்லூரியில் பல ஊர்களிலிருந்து வந்து பயிலும் மாணவர்கள் இருக்கிறோம். ஒவ்வொருவரும் விடுமுறையில் தம் ஊரில் செய்யத்தக்கவை சில:

1. கருத்தைக் கேளாமல் பொருளைக் கேட்க வேண்டும். ‘அக்காலம் எப்படி இருந்தது?’ என்றால் ‘நன்றாக இருந்தது’ என்பதே விடையாக வரும். ‘படகில் எத்தனை பேர் சென்றீர்கள், பங்கை எப்படிப் பிரித்தீர்கள்?’ என்றால் வரலாறு வரும்.

2. கூறுபவரின் வயது, தொழில், கேட்ட நாள் ஆகியவற்றைக் குறித்து, அவர் சொல்லை அவர் பேச்சிலேயே எழுத வேண்டும். பெயரை வெளியிட அவருடைய இசைவைப் பெறுதல் முறையாகும்.

3. ஒருவர் கூற்றை மற்றொருவரிடமும், பின்னர் ஏட்டிலும் சோதிக்க வேண்டும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவேடு, ஜமாஅத்தின் திருமணப் பதிவேடு, கோயிற் கல்வெட்டு, அடக்கத்தலத்து மீசான் கற்கள், பழைய கிரயப் பத்திரம் ஆகியவை உதவும். கடற்கரை முஸ்லிம் குடும்பங்களில் தமிழை அரபு எழுத்தில் எழுதிய பழைய கடிதங்கள் கிடைக்கலாம். அவற்றைப் படிக்கத் தெரிந்த முதியோரும் அருகி வருகின்றனர்.

4. எழுதியதன் படி ஒன்றை ஊரிலும், ஒன்றைக் கல்லூரி நூலகத்திலும் வைக்க வேண்டும்.

முடிவுரை

ஃபுளோரா தாம்சனுக்கோ லாரி லீக்கோ வரலாற்றுப் பட்டம் இல்லை. தம் ஊர் எழுதத் தக்கது என்ற துணிவு இருந்தது. அதனால் அச்சிற்றூர்களை இன்று உலகம் அறியும். நமக்கு அத்துணிவோடு, ஏட்டையும் நினைவையும் ஒப்பிட்டுச் சோதிக்கும் பயிற்சியையும் நம் ஆசிரியர்கள் தந்திருக்கிறார்கள். நூலகத்து ஏடுகள் இன்னும் பல்லாண்டு காத்திருக்கும். எண்பதைக் கடந்த முதியவர் காத்திருக்க இயலாது. ஆகவே, மாணவ நண்பர்களே, வரும் விடுமுறையில் முதலில் முதியவரிடம் செல்வோம். நூலகத்துக்குப் பிறகு செல்வோம்.