செய்மதிப் பதிகருவியும் வீட்டுக் கணினியும்

செய்மதியிலிருந்து நம் கூரைமேல் அன்ரனாவை வந்தடைவது படமன்று, எண்களின் தொடரே. அது 188 பைட்டு கொண்ட சிறு பொதிகளாக வருகின்றது. பதிகருவி அவற்றை வந்தவாறே தன் வன்தட்டிற் சேமிக்கின்றது. ஆதலின், அப்பதிவைக் கணினிக்குக் கொண்டு செல்லுதல் வெறும் பிரதியெடுத்தலேயாம். தரம் இம்மியும் குன்றாது.

யாம் இதனை அறிந்தது பிந்தியே. எம் கருவியின் வன்தட்டுப் பழுதுற்றபோது, ஈராண்டாகச் சேர்த்த நாடகங்கள் யாவும் அழிந்தன. கருவியின் பின்புறத்தில் ஈதர்நெட் துளை இருந்தும், ஒருநாளேனும் அதில் வடத்தைச் செருகினோமில்லை!

வடத்தின் மறுமுனையை ரவுட்டரிற் செருகினால், அது கருவிக்கு ஓர் ஐ.பி. முகவரியை வழங்கும். டிரீம்பொக்ஸ் போன்ற லினக்ஸ் கருவிகளாயின், கணினியிலிருந்து அம்முகவரியை எஃப்.டி.பி. முறையில் அணுகிக் கோப்புகளைப் பெறலாம். வினாடிக்கு 4 மெகாபிட் வீதம் பதிந்த ஒருமணி நேர நிகழ்ச்சி ஏறத்தாழ 1.8 கிகாபைட்டு ஆகும். 100 மெகாபிட் இணைப்பில் அது சில நிமிடங்களிற் சென்று சேரும். கருவியின் செயலி மந்தமாயின் இன்னும் நீளும்.

மாணாக்கர் ஒன்றை மறத்தலாகாது. கட்டணச் சேவையினர் தரும் பெட்டிகள் பல, பதிவை மறைகுறியாக்கியே வைக்கின்றன. கோப்பு கணினியை அடைந்தாலும் படம் தோன்றாது. பெட்டியை வாங்குமுன்னரே இதனை வினவி அறிக.